உமிக்கும் அரிசிக்கும் நடுவே

நேயர்களுக்கு வணக்கம்.

வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் திரிந்த மனிதன் ஓரிடத்தில் தங்கித் தானியம் விதைத்தது நல்லதுக்கா, கெட்டதுக்கா? எலும்பைக் கேட்டால் ஒரு பதில் வரும். தலையை எண்ணினால் வேறு பதில் வரும்.

சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் அபு ஹுரைரா என்றொரு மண்மேடு இருந்தது. இன்று அணைநீருக்கு அடியில் கிடக்கிறது. மூழ்குவதற்கு முன்பு, 1972, 73-இல் அவசர அவசரமாகத் தோண்டிப் பார்த்தார்கள். உலகில் முதன்முதலாகப் பயிர் செய்தவர்களில் அந்த ஊராரும் உண்டு. அங்கே கிடைத்த பெண்களின் எலும்புக்கூடுகள் பலவற்றில் கால் பெருவிரல் மூட்டு தேய்ந்து போயிருந்தது. முழங்காலிலும் கீழ்முதுகிலும் அதே அடையாளம். காரணம், நம் அம்மியைப் போன்ற ஒரு கல். மண்டியிட்டு, கால்விரல்களை மடக்கித் தரையில் ஊன்றி, இரண்டு கையாலும் குழவியைத் தள்ளித் தள்ளி இழுக்க வேண்டும். அன்றாடம் பல மணி நேரம். மாவோடு கல்தூளும் சேர்ந்து வந்ததால் பல்லும் தேய்ந்தது.

தலைக்கணக்கு நேர்மாறானது. விதைக்கத் தொடங்கிய காலத்தில் உலகம் முழுவதும் சில பத்து லட்சம் பேர்தான் இருந்திருப்பார்கள் என்பது மதிப்பீடு. 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டோம். உலகம் உண்ணும் கலோரியில் நூற்றுக்கு 40-க்கு மேல் அரிசி, கோதுமை, மக்காச்சோளம் ஆகிய மூன்றிலிருந்தே வருகிறது. கிழங்குக்கும் காட்டுக்கும் திரும்பிப் போகும் பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே மொத்தமாகத் தராசில் வைத்து நன்மை, தீமை என்று தீர்ப்புச் சொல்வதில் எனக்கு நாட்டம் இல்லை. தானியத்தால் வந்த கொடிய நோய்கள் சிலவற்றைக் கிளறிப் பார்த்தால், கோளாறு வயலில் இல்லை. அறுத்த தானியம் உலைக்குப் போகும் வழியில் இருக்கிறது.

மக்காச்சோளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது மெக்சிகோவின் பயிர். அங்கே அதைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் தோலைக் கசக்கிக் கழுவி, பிறகே அரைப்பார்கள். மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்ற சத்து உடலுக்கு எட்டாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பின் காரம் அந்தக் கட்டை அவிழ்க்கிறது. ஐரோப்பியர் விதையைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். 1735-இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் ஒரு மருத்துவர் புதிய நோய் ஒன்றைக் குறித்து வைத்தார். தோல் தடித்து உரிதல், வயிற்றுப்போக்கு, கடைசியில் புத்தி தடுமாற்றம். பிறகு அதற்குப் பெலாக்ரா என்று பெயர் வந்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் அதற்குப் பலியானார்கள்.

அரிசியின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரங்கூன், சைகோன், பாங்காக் நகரங்களில் நீராவி ஆலைகள் வந்தன. உலக்கைக்குத் தப்பிய தவிடும் முளைக்கருவும் இயந்திரத்துக்குத் தப்பவில்லை. அரிசி முத்துப்போல வெளுத்தது. கூடவே பெரிபெரி பரவியது. கால் மரத்துப்போகும், வீங்கும், இதயம் தளரும். ஜாவாவின் 101 சிறைகளில் 1890-களில் கணக்கெடுத்தபோது, தீட்டிய வெள்ளையரிசி போட்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் என்று நோய் இருந்தது. தவிடு போகாத அரிசி போட்ட இடங்களில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர்.

மலாயாவில் ஒரு விசித்திரம் தெரிந்தது. வெள்ளீயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் கொத்துக்கொத்தாகப் பெரிபெரியில் விழுந்தார்கள். தோட்டங்களில் இருந்த தமிழர்களுக்கு அது அநேகமாக வரவே இல்லை. சீனர்கள் உண்டது பச்சரிசி, தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி. கோலாலம்பூர் மனநல விடுதியில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் இதை 1905-06-இல் சோதித்துப் பார்த்தார். 120 பேருக்குப் பச்சரிசி, 123 பேருக்குப் புழுங்கலரிசி. குற்றம் கட்டடத்தில் இருக்குமோ என்று நடுவில் இரு தரப்பையும் இடம் மாற்றியும் வைத்தார். பச்சரிசிப் பக்கம் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கலரிசிப் பக்கம் ஒரு சாவும் இல்லை.

புழுக்குவதில் என்ன நடக்கிறது? நெல்லை உமியோடு ஊறவைக்கும்போது தவிட்டிலும் கருவிலும் உள்ள தயமின், அதாவது குறைந்தால் பெரிபெரியைத் தரும் பி1 வைட்டமின், நீரில் கரைந்து அரிசிக்குள் இறங்குகிறது. அவிக்கும்போது மாவுச்சத்து பசையாகி அதை உள்ளேயே பூட்டிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. கணக்கைப் பாருங்கள்: ஆலையில் தீட்டிய பச்சரிசி 100 கிராமில் தயமின் 0.06 மில்லிகிராம். அதேபோல் தீட்டிய புழுங்கலரிசியில் 0.21. நாளுக்கு 400 கிராம் அரிசியை நம்பி வாழும் ஆளுக்கு முன்னதில் 0.24 மில்லிகிராம், பின்னதில் 0.84. தேவை ஒன்றுக்குச் சற்று மேல். பச்சரிசியை நான்கு தடவை களைந்து, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் அந்த 0.24-உம் தங்காது.

செய்முறையில் எங்கே பிசகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டால் நெல் புளித்து வாடை அடிக்கும். புழுங்கலரிசியைப் பலர் முகம் சுளித்து ஒதுக்குவது இந்த வாடைக்காகத்தான். 65 முதல் 70 டிகிரிச் சூட்டில் தண்ணீர் வைத்தால் ஐந்தாறு மணி நேரம் போதும். நெல்லின் ஈரம் 30 சதவீதத்தை எட்ட வேண்டும். குறைந்தால் அரிசியின் நடுவில் சுண்ணாம்புப் பொட்டுப் போல வெள்ளை நிற்கும். ஆவியில் வைத்த நெல் லேசாக வாய் பிளந்ததும் இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் அரிசி பழுத்து நிறம் ஏறும். காயவைப்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். களத்தில் ஒரே மூச்சாகச் சுட்டெரிக்கும் வெயிலில் காய்ந்தால் உள்ளுக்குள் விரிசல் விழும். ஆலையில் குருணையாகக் கொட்டும். 16–18 சதவீத ஈரம் வந்ததும் நிழலில் குவித்துச் சில மணி நேரம் ஆறவிட்டு, மறுபடி பரப்பி 14-க்குக் கொண்டுவர வேண்டும்.

இதில் ஒரு முரண் உண்டு. தவிட்டைக் காப்பாற்றிய உரலும் திரிகையும் பெண்களின் முதுகை முறித்தன. முதுகைக் காப்பாற்றிய ஆலை தவிட்டைக் கொண்டுபோய்விட்டது. கைக்குத்தல் அரிசியின் பெருமை பேசும்போது குத்திய கை யாருடையது என்றும் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்றைக்கு ஆலைத் தவிட்டில் எண்ணெய் பிழிகிறோம், புண்ணாக்கை மாட்டுக்கு வைக்கிறோம். பிறகு அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிசைந்து, அரிசி வடிவில் வார்த்து, நூறுக்கு ஒன்று என்ற கணக்கில் ரேஷன் அரிசியில் கலக்கவும் தொடங்கினோம். அப்படிக் கலந்த அரிசியைக் களையும்போது அந்த மணிகள் சில சமயம் மேலே மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பலர் அவற்றைப் பொறுக்கி வெளியே எறிகிறார்கள். எறிய வேண்டாம். ஒரு தடவை மட்டும் அலசி, அளவாகத் தண்ணீர் வைத்து, வடிக்காமல் பொங்கிவிடுங்கள்.

வணக்கம்.