பட்டாளத்துக்காரரைப் பேச விடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். டிசம்பர் 7 கொடிநாள். 1949 முதல் நாடு முழுவதும் கடைப்பிடிக்கிறோம். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என மூன்று பட்டைகள் கொண்ட சின்னக் கொடியைச் சட்டையில் குண்டூசியால் குத்திக்கொண்டு உண்டியலில் காசு போட்ட நினைவு உங்களில் பலருக்கு இருக்கும். அந்தக் காசு போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும், ஊனமுற்ற வீரர்களுக்கும், முன்னாள் படைவீரர்களின் நலனுக்கும் போகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் காசு கொடுத்த மாணவருக்கு, அதே தெருவில் குடியிருக்கும் பட்டாளத்துக்காரர் எங்கே பணிபுரிந்தார் என்று தெரிவதில்லை. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

வேலூர் லாங் பஜாருக்குப் போனவர்கள் மணிக்கூண்டைப் பார்த்திருப்பீர்கள். பூக்கடையும் காய்கறி வண்டியும் நெருக்கியடிக்கும் இடம். அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது. இந்த ஊரிலிருந்து முதல் உலகப் போருக்கு 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்கிறது. அவ்வளவுதான். எண்ணிக்கை இருக்கிறது, பெயர் இல்லை. அந்த 14 பேர் யார் வீட்டுப் பிள்ளைகள்? எந்தத் தெரு? கல்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. நான் ஆசிரியராக இருந்த காலத்தில் மாணவர்களை அங்கே அழைத்துப் போய் நிறுத்துவேன். எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பேரு எங்கே சார்?"

அந்தப் பெயர்களை எழுதி வைக்கப் பள்ளியை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? இதே மாவட்டத்தில் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போகிறார்கள். எங்கள் பள்ளியிலும் முன்னாள் படைவீரர்களை அழைத்து விழா நடத்தினோம்; முதலில் சால்வை, மாலை, தலைமை உரை என்றுதான் நடந்தது. பிறகு ஒரு பெரியவரிடம், அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டியை எடுத்துவரும்படி கேட்டோம். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் அவர் பெயர், படை எண், பிரிவு. உள்ளே வீட்டிலிருந்து போன இன்லண்ட் கடிதங்கள். முகவரியில் ஊர்ப் பெயரே இல்லை. எண், பெயர், பிரிவு, கீழே 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சலக எண். "அப்படியானால் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று உங்கள் அம்மாவுக்குத் தெரியாதா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். "லீவில் வரும்போதுதான் சொல்வேன், அதுவும் முழுசாகச் சொல்ல மாட்டேன்" என்றார். வடக்கு எல்லையில் சியாச்சின் பனிமலையில் இருந்தவர் அவர். மாதக்கணக்கில் குளிக்க முடியாது என்றபோது பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். மாலை போட்டபோது கூச்சப்பட்டு நின்ற மனிதர், பெட்டி திறந்த பிறகு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

பேச விடுங்கள் என்று அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அவர் சொல்வதைப் பிள்ளைகள் நோட்டில் எழுதட்டும். பெயர், சேர்ந்த ஆண்டு, பணிபுரிந்த இடங்கள். அந்த நோட்டு பள்ளி நூலகத்தில் இருக்கட்டும்.

எப்போது நடத்துவது? முன்னாள் படைவீரர் நாள் ஜனவரி 14. முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா 1953-இல் ஓய்வு பெற்ற நாள் அது. நமக்கோ அன்று போகி, இல்லையென்றால் பொங்கல், பள்ளி பூட்டியிருக்கும். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு தொடங்குவதற்கு முன் ஒரு பிற்பகலை ஒதுக்குங்கள்.

நேரம் முடிவதாகச் சைகை காட்டுகிறார்கள். மனைவிமார்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கணவர் எல்லையில் இருந்த ஆண்டுகளில் நிலத்தையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள். அவர்களையும் அழையுங்கள், அவர்கள் சொல்வதற்கும் நோட்டில் பக்கம் ஒதுக்குங்கள். யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். இன்னொன்று: பீரங்கிப் படையில் இருந்தவர்கள் பலருக்குக் காது மந்தமாக இருக்கும். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கக் கேட்கச் சொல்லுங்கள். வணக்கம்.