ஐந்து நாயகர்கள், ஒரு தாமஸ் மிட்செல்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"பழைய ஹாலிவுட் படங்கள் இன்றும் நம் மனதில் நிற்கக் காரணம் கதாநாயகர்களா, குணச்சித்திர நடிகர்களா?" இதுதான் தலைப்பு. குணச்சித்திர நடிகர்களே என்ற கட்சியில் நிற்கிறேன். எனக்குப் பத்துப் பேர் தேவையில்லை. தாமஸ் மிட்செல் என்ற ஒரே மனிதர் போதும்.

எதிரணித் தலைவர் ஜான் வெய்னில் ஆரம்பித்தார். 1939ல் வந்த 'ஸ்டேஜ்கோச்' படத்தில் துப்பாக்கியை ஒரு கையால் சுழற்றிக்கொண்டு அவர் நிற்பதையும், கேமரா அவர் முகத்தை நோக்கிப் பாய்வதையும் அழகாகச் சொன்னார். நானும் கைதட்டினேன். ஆனால் நடுவர் அவர்களே, படம் தொடங்கிக் கால் மணி நேரத்துக்கு மேல் போன பிறகுதான் அந்தக் காட்சி வருகிறது. அதுவரை நம்மைப் பிடித்து உட்கார வைத்தது யார்?

டாக் பூன் என்ற குடிகார டாக்டர். அந்த வேடத்தில்தான் மிட்செல். ஒழுக்கம் பேசும் ஊர்ப் பெண்கள் கூடி, பாலியல் தொழில் செய்யும் டல்லாஸ் என்ற பெண்ணையும் இவரையும் ஊரைவிட்டே துரத்துகிறார்கள். தலை குனிந்து நடக்கவேண்டிய நேரம் அது. இவரோ ஒரு பிரபுவின் மனைவிக்குக் கை கொடுப்பதுபோல அவளுக்குத் தன் கையை நீட்டுகிறார். அந்த ஒரு கை நீட்டலில் இந்த மனிதன் எவ்வளவு விழுந்தாலும் உள்ளே எது விழவில்லை என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. இதை வசனமாக எழுதினால் ஒரு பக்கம் ஆகும்.

அப்புறம், வழியில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி வருகிறது. டாக்டரோ நிற்க முடியாத போதையில் இருக்கிறார். கறுப்புக் காபி கொண்டு வா, இன்னும் கொண்டு வா என்று குடித்துக் குடித்துத் தன்னைத்தானே மீட்டெடுத்துக்கொண்டு உள்ளே போகிறார். கடைசியில், அந்தக் கதாநாயகனைக் கொல்லக் காத்திருக்கும் லூக் பிளம்மரின் முன்னால் கையில் ஆயுதமே இல்லாமல் போய் நிற்கிறார். "அந்த ஷாட்கன்னோடு வெளியே போனால் உன்மேல் கொலை வழக்குப் போட வைப்பேன்" என்கிறார். துப்பாக்கியை வைத்துவிட்டு அவன் போன பிறகுதான், இனிமேல் என்னை இப்படிச் செய்ய விடாதே என்று பாரில் இருப்பவரிடம் சொல்கிறார். நடுக்கம் முழுவதும் அந்தக் கடைசி வரியில்தான் வெளியே வருகிறது. வீரம் என்றால் என்ன என்பதை அந்தப் படத்தில் எனக்குக் காட்டியது இந்த டாக்டர்தான்.

சரி, ஒரு படத்தை வைத்து வாதம் செய்யக்கூடாது. அந்த 1939ஐ மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரே ஆண்டில் மிட்செல் நடித்து வந்த ஐந்து பெரிய படங்கள்: 'ஸ்டேஜ்கோச்', 'ஒன்லி ஏஞ்சல்ஸ் ஹாவ் விங்ஸ்', 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்', 'தி ஹன்ச்பேக் ஆஃப் நோட்ர டாம்', 'கான் வித் தி விண்ட்'. ஜான் வெய்ன், கேரி கிராண்ட், ஜேம்ஸ் ஸ்டூவர்ட், சார்ல்ஸ் லாட்டன், கிளார்க் கேபிள் என்று நாயகர்கள் ஐந்து பேர். இயக்குநர்களும் வேறு வேறு. இந்த ஐந்திலும் இருந்தவர் இவர் ஒருவர்தான். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பட்டியலில் அந்த ஆண்டு இருந்த பத்துப் படங்களில் மூன்றில் இவர் இருக்கிறார்.

குடிகார டாக்டர், கண்பார்வை மங்கும் விமானி, வாஷிங்டன் நிருபர், பாரிஸ் பிச்சைக்காரர்களின் ராஜா, 'கான் வித் தி விண்ட்' நாயகி ஸ்கார்லெட்டின் அப்பா. ஐந்தும் ஐந்து மனிதர்கள். கிளார்க் கேபிளை இப்படி மாற ஸ்டுடியோ விடாது. கேபிளைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது, அதனால் அவர் கேபிளாகவே இருக்கவேண்டும். அது அவர் குற்றம் இல்லை. ஆனால் அவரைச் சுற்றியுள்ள உலகம் நிஜம் என்று நம்மை நம்ப வைக்கும் வேலை மற்றவர் தலையில் விழுகிறது.

அந்த விமானி வேடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். கிட் என்று பெயர். தென்னமெரிக்க மலைகளுக்கு மேலே தபால் விமானம் ஓட்டும் கூட்டத்தில் மூத்தவன். விபத்தில் கழுத்து முறிந்து படுத்திருக்கிறான். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு கேரி கிராண்ட் மட்டும் பக்கத்தில் இருக்கிறார். அவரையும் போகச் சொல்கிறான் கிட். முதன்முதலில் தனியாக விமானம் ஓட்டியபோது யாரும் பார்க்கவேண்டாம் என்று இருந்ததே, இதுவும் அப்படித்தான், புதுசு, சரியாகச் செய்வேனா என்று தெரியாது என்கிறான். மிட்செல் இதில் ஒரு சொட்டுக் கண்ணீர் கேட்கவில்லை. வேலைபற்றிப் பேசுவதுபோலப் பேசுகிறார். கேரி கிராண்ட் எழுந்து போகிறார். அந்த முகத்தில் நாம் பார்க்கும் துக்கத்தை அங்கே வைத்தது படுத்திருக்கும் மனிதர்தானே!

1940 பிப்ரவரி 29ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் அம்பாசடர் ஹோட்டலில் ஆஸ்கர் விழா. டாக் பூன் வேடத்துக்காக மிட்செல் சிறந்த துணை நடிகர் ஆனார். அவர் கையில் கொடுத்தது தங்கச் சிலை இல்லை. துணை நடிகர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு பட்டயம்தான். 1936ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் அவர்களுக்கென்று விருதே வந்தது, முழுச் சிலை கிடைக்க இன்னும் சில ஆண்டுகள் ஆயின. அதே இரவில் 'கான் வித் தி விண்ட்' படத்துக்காக ஹாட்டி மெக்டேனியலும் ஒரு பட்டயம் வாங்கினார், ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர். அவரைத் தம் படக்குழுவோடு உட்கார விடாமல் தனி மேசையில் உட்கார வைத்தார்கள். படத்தைச் சுமந்தவர்களுக்கு அன்று கிடைத்த மரியாதையின் அளவு இது. அதை இந்த மேடையிலாவது சரிசெய்யவேண்டும் என்றுதான் நான் பேசுகிறேன்.

இந்த மனிதர் எங்கிருந்து வந்தார்? 1892ல் நியூ ஜெர்சியின் எலிசபெத் நகரில், அயர்லாந்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். பத்திரிகை நிருபராக வேலை பார்த்தார். ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போனார், நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைகளில் நடித்தார், நாடகமும் எழுதினார். ஹாலிவுட்டில் நிலையாகக் கால் ஊன்றியது நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், துணை நடிகர் கறிவேப்பிலை மாதிரி, வாசனைக்குப் போட்டு ஒதுக்கிவிடலாம் என்றார். 1946ல் வந்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தில் ஒதுக்கிப் பாருங்கள். நாயகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் மறதிக்கார அங்கிள் பில்லி, ஞாபகத்துக்காக விரல்களில் நூல் கட்டிக்கொள்கிறவர், வங்கியில் கட்டவேண்டிய எட்டாயிரம் டாலரைத் தன்னை அறியாமல் செய்தித்தாளுக்குள் மடித்து எதிரியின் மடியிலேயே வைத்துவிடுகிறார். இப்படி ஒரு மனிதன் இருப்பான் என்று மிட்செல் நம்மை நம்ப வைக்காவிட்டால் கதையே கிடையாது. அவரை ஜேம்ஸ் ஸ்டூவர்ட் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டுப் போனதும், மேசையில் கவிழ்ந்து அழுகிறார். வீட்டில் வளரும் அணில் ஒன்று அவர் கையில் ஏறி வருகிறது. ஸ்டூவர்ட் உயிரை விடப் பாலத்தில் போய் நிற்கும்போது நமக்கு நெஞ்சு அடைக்கிறது என்றால், அது இந்த மேசையிலேயே தொடங்கிவிட்டது.

1952ல் 'ஹை நூன்' படத்தில் மேயராக வந்து, கொலைகாரர்களை எதிர்க்க ஆள் கேட்டுத் தேவாலயத்துக்கு வரும் காவல் அதிகாரி கேரி கூப்பரைப் புகழ்ந்து புகழ்ந்து பேசி, அதே குரலில் ஊரைவிட்டுப் போய்விடு என்று முடிப்பார். கூப்பர் தனி ஆள் ஆவது அங்கேதான். அடுத்த ஆண்டு டிவிக்கான எம்மி, மேடைக்கான டோனி இரண்டையும் வாங்கினார். ஆஸ்கர், எம்மி, டோனி மூன்றையும் வென்ற முதல் ஆண் நடிகர் இவர்தான்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரே நிமிடம். 1962ல் அவர் கடைசியாக ஒரு மேடை நாடகத்தில் நடித்தார். முக்கிய வேடம் மனைவியைக் கொல்லும் ஒரு டாக்டர். அதை ஏற்றவர் ஜோசப் காட்டன். அந்த டாக்டரைத் துப்பறிய வரும் போலீஸ்காரர் வேடம் மிட்செலுக்கு. அந்த டிசம்பரில், எழுபது வயதில் மிட்செல் இறந்துபோனார். 1968ல் அதே கதை டிவிக்கு வந்தபோது அந்தப் போலீஸ்காரர் வேடம் பீட்டர் ஃபால்க்குக்குப் போனது. பிறகு அந்த வேடத்தின் பெயரிலேயே தொடர் வந்து, 2003 வரை ஓடியது. போலீஸ்காரரின் பெயர் கொலம்போ. அந்த நாடகத்தின் முக்கிய வேடமான டாக்டரின் பெயர் என்ன என்று எதிரணியில் யாராவது எழுந்து சொல்லட்டும், நான் உட்கார்ந்துகொள்கிறேன்.