பெட்ரோல் போடாமலே ஏறிய முள்

வணக்கம் மக்களே. காட்பாடியில் எங்கள் வீட்டு ஷெட்டிலிருந்து பேசுகிறேன். காலை ஆறரை மணிதான் ஆகிறது. ஒன்பதைத் தாண்டினால் இந்தத் தகரக் கூரைக்குக் கீழே நானே வெந்துவிடுவேன், வேலூர் வெயில் அப்படி. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பின்னால் நிற்பது ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3. 1967 முதல் 1970 வரை இங்கிலாந்தில் செய்த இரண்டு சீட் கார், 1296 சிசி. பானட் முழுசாக முதலை வாய் மாதிரி முன்பக்கம் திறக்கும். பெரியவர்கள் பார்த்தால் "ஹெரால்டு மாதிரி இருக்கே" என்பார்கள். சரிதான், ஹெரால்டு சேசிஸிலிருந்து பிறந்ததுதான் இது. இரண்டையும் வடிவமைத்தவரும் ஒருவரே, இத்தாலிக்காரர் மிக்கேலோட்டி. அந்த ஹெரால்டைச் சென்னைப் பக்கத்திலேயே ஸ்டாண்டர்டு கம்பெனி செய்துகொண்டிருந்தது.

போன மாதம் ஆற்காட்டுக்கு மக்கன் பேடா வாங்கப் போனேன். ராணிப்பேட்டை தாண்டுவதற்குள் ஹீட் மீட்டர் முள் சிவப்பில் போய் நின்றுவிட்டது. பயந்துபோய் புளியமரத்தடியில் ஓரம் கட்டினேன். பானட்டைத் திறந்தால் ஆவியும் இல்லை, கொதிப்பும் இல்லை. அதற்கப்புறம் ஒரு மெக்கானிக் சொன்னார் என்று ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினேன், தெர்மோஸ்டாட் மாற்றினேன். முள் அசையவில்லை. அடுத்து இன்ஜின் ஹெட்டைக் கழற்றலாம் என்றார். நல்லவேளை, அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "ஏன்டா, பெட்ரோல் எப்போ போட்ட? முக்கால் டேங்க் காட்டுதே" என்றார்.

நான் போடவே இல்லை. டேங்கில் இருந்தது கால்வாசி.

அங்கேதான் பொறி தட்டியது. இன்ஜின் சூட்டுக்கும் பெட்ரோலுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு மீட்டருக்கும் கரண்ட் ஒரே இடத்திலிருந்து வருகிறது. இதோ, கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன், தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு தகர டப்பி தெரிகிறதா? அதுதான் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். வீட்டில் ஃபிரிட்ஜுக்கு வைக்கிறோமே, அதே வேலைதான்.

இந்த மீட்டருக்குள்ளே காந்தம் கிடையாது. ஒரு ஈருலோகப் பட்டை, அதைச் சுற்றி மெல்லிய கம்பி. கம்பி சூடானால் பட்டை வளையும், முள் நகரும். இஸ்திரிப் பெட்டிக்குள் 'டிக்' என்று கட் ஆகுமே, அந்த சங்கதிதான். இன்ஜின் ஓடும்போது பேட்டரி லைனில் 14 வோல்ட் வரை வரும். மீட்டருக்கு வேண்டியது 10 வோல்ட். ஸ்டெபிலைசரும் உள்ளே ஒரு பட்டையை வைத்துக்கொண்டு கரண்டை விட்டு விட்டுக் கொடுத்து, சராசரியில் 10 வோல்ட்டாக்கும். அந்தப் பட்டையைச் சூடாக்க அதற்கு எர்த், அதாவது வண்டி பாடியோடு இணைப்பு வேண்டும். எர்த் அறுந்தால் பட்டை வளையாது, கரண்ட் நிற்காமல் பாயும். 10 வோல்ட்டுக்குப் பதில் 14 போனால் மீட்டர் கம்பியில் சூடு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெட்ரோல் போடாமலே டேங்க் நிறைந்த ரகசியம் அதுதான்!

ஆகவே எதையும் கழற்றும் முன் இரண்டு முள்ளையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக ஏறினால் ஸ்டெபிலைசரின் எர்த் அல்லது உள்ளே இருக்கும் காண்டாக்ட். இரண்டும் செத்துக் கிடந்தால் ஸ்டெபிலைசருக்கு வரும் லைன் அல்லது ஸ்டெபிலைசரே. ஒன்று மட்டும் தப்பாகக் காட்டினால் அதன் வயர், டேங்குக்குள் பெட்ரோல் அளவைப் பார்க்கும் யூனிட் அல்லது ஹீட் சென்சார் பக்கம் போங்கள்.

பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டுத்தான் டேஷ்போர்டுக்குள் கையை விட்டேன். டப்பியைப் பிடித்திருந்த ஸ்குரூதான் அதற்கு எர்த். துரு மூடிக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினேன். அப்போதும் முள் இறங்கவில்லை, உள்ளே காண்டாக்ட் கருகி ஒட்டிக்கொண்டிருந்தது. டிஜிட்டல் மீட்டர் வைத்து இதை அளக்கப் பார்க்காதீர்கள், எண்கள் குதித்துக்கொண்டே இருக்கும். ஒரு சின்ன டெஸ்ட் பல்பு போடுங்கள். விட்டு விட்டு எரிந்தால் உயிர் இருக்கிறது. எனக்கு எரிந்தது அணையவே இல்லை.

அதனால் உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, நிலையாக 10 வோல்ட் கொடுக்கும் 7810 என்ற மூன்று கால் ஐசியை அதே டப்பிக்குள் சால்டர் பண்ணினேன், இரண்டு கெப்பாசிட்டரோடு. எலக்ட்ரானிக்ஸ் கடையில் எல்லாம் சேர்த்து 50 ரூபாய்கூட ஆகவில்லை. ரேடியேட்டர் கூலியைச் சொன்னால் அம்மா இந்த வீடியோவையே நிறுத்தச் சொல்லுவார். ஐசியின் முதுகுத் தகடே எர்த் என்பதால் டப்பியோடு போல்ட் போட்டுவிட்டேன். பேட்டரியின் மைனஸ் முனையை பாடியில் மாட்டிய நெகட்டிவ் எர்த் வண்டிக்கு மட்டும்தான் இது. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு, அதில் இப்படி மாட்டினால் புகைதான் வரும்.

வேலூரைப் பற்றிக் கிண்டலாகச் சொல்வார்கள், தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று. சாமி 1981லேயே கோட்டைக்குள் திரும்பிவிட்டார். என் முள் இப்போதுதான் திரும்பியிருக்கிறது. ஸ்டார்ட் பண்ணுகிறேன், பாருங்கள்... பெட்ரோல் முள் மெதுவாக எழுந்து, கால் டேங்கில் நின்றுவிட்டது. அப்பா, வந்து பாருங்க!

ஆர்பிஎம் முள் ஆடுகிறதே என்று கேட்பீர்கள். அது கரண்டு இல்லை, டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வரும் கேபிள். அதைக் கழற்ற வேறொரு காலை வேண்டும். இப்போதே தகரம் சுட ஆரம்பித்துவிட்டது.