தெளிவாக இருந்தால் மட்டும் போதுமா? வைட்டமின் மைக்ரோஎமல்ஷன் ஆய்வு

காட்சி: தண்டையார்பேட்டையில் ஒரு மருந்துக்கடை. வெயில் படும் அலமாரியில் நிறமற்ற கண்ணாடிக் குப்பிகள்.

குரல்: கத்திரி வெயிலில் வடசென்னையின் வெப்பம் 40 பாகையைத் தொடும்போது, இந்தக் குப்பிகளில் உள்ள வைட்டமின் ஈ மைக்ரோஎமல்ஷன், அதாவது எண்ணெய் மிக நுண்ணிய துளிகளாக நீரில் பரவிய கலவை, பார்வைக்குத் தண்ணீராகவே தெளிந்திருக்கும். ஆனால் அந்தத் தெளிவு, எண்ணெயும் நீரும் பிரியவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. வைட்டமின் மிச்சமிருக்கிறதா என்பதைச் சொல்வதில்லை.

காட்சி: பீக்கரில் சொட்டுச் சொட்டாக நீர் விழுகிறது.

குரல்: எண்ணெய், நீர், இரண்டையும் இணைக்கும் பாலிசார்பேட் 80 போன்ற சர்ஃபாக்டன்ட், அதற்குத் துணையாக எத்தனால் அல்லது புரோப்பிலீன் கிளைக்கால் ஆகியவை சரியான விகிதத்தில் சேர்ந்தால், அதிவேக இயந்திரம் எதுவுமின்றித் தானாகவே மைக்ரோஎமல்ஷன் உருவாகிறது. துளிகள் பொதுவாக 10 முதல் 100 நானோமீட்டர் வரையே இருப்பதால் ஒளியை மிகக் குறைவாகவே சிதறடிக்கின்றன.

அந்த விகிதத்தைக் கண்டறிய, எண்ணெய்க்கும் சர்ஃபாக்டன்ட் கலவைக்கும் இடையிலான விகிதத்தை 1:9 முதல் 9:1 வரை மாற்றி, ஒவ்வொன்றிலும் நீரைச் சொட்டாக விட்டுக் கலக்குகிறோம். சொட்டு விழுந்த இடம் வெளுத்து, கலக்கியதும் மறைந்துவிட்டால் தொடரலாம். வெண்மை மறையாமல் நிலைத்துவிட்டால் அதுவே எல்லை. சில விகிதங்கள் கலங்காமலே கூழாக இறுகிவிடும், அதையும் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். வைட்டமின் ஈ-யின் முக்கிய வடிவமான ஆல்ஃபா டோகோஃபெரால் தானே பிசுபிசுப்பான எண்ணெய் என்பதால், அதைச் சேர்த்தபின் எல்லை நகர்ந்துவிடும். இந்த எல்லைகளைக் குறித்து வைட்டமின் இல்லாமல் வரைந்த வரைபடத்தை மட்டும் நம்பி அளவுகளை முடிவுசெய்வது வீண் வேலை.

காட்சி: மைய விலக்குக் கருவி, குளிர்பெட்டி, வெப்ப அறை.

குரல்: மைய விலக்குச் சுழற்சி, 4 பாகைக்கும் 45 பாகைக்கும் மாறி மாறி வைத்தல், துளி அளவை ஒளிச்சிதறலால் அளத்தல் ஆகிய சோதனைகளில் நல்ல கலவை எளிதில் தேறிவிடும். சிக்கல் வேதியியலில் இருக்கிறது. 1 மில்லி எண்ணெய் 50 நானோமீட்டர் விட்டமுள்ள துளிகளாகும்போது மொத்தப் பரப்பு 120 சதுர மீட்டர், அதாவது பெரம்பூரில் ஒரு பெரிய அடுக்குமாடி வீட்டின் தரை அளவு. ஆக்சிஜனேற்றம் நடக்க அத்தனை இடம்! பாலிசார்பேட்டில் உருவாகும் பெராக்சைடுகளும் வைட்டமினைச் சிதைக்கும்.

ஆகவே 40 பாகை, 75 சதவீத ஈரப்பதத்தில் 6 மாதம் வைத்து, தொடக்கத்திலும் இடையிலும் முடிவிலும் மாதிரி எடுத்து, கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவியில் 292 நானோமீட்டர் புறஊதா ஒளியில் டோகோஃபெராலை அளக்க வேண்டும். இறுக மூடிய கண்ணாடிக் குப்பிக்குக் கடற்காற்றின் ஈரம் பெரிய எதிரியல்ல. வெப்பமும் ஒளியும் உள்ளே அடைபட்ட காற்றுமே எதிரிகள். பழுப்புக் குப்பியும், திரவத்துக்கு மேலுள்ள காலி இடத்தில் நிரப்பும் நைட்ரஜனும் இதற்கு உதவும். டோகோஃபெராலின் மாற்று வடிவமான டோகோஃபெரைல் அசிடேட் இன்னும் நிலையானது, ஆனால் குப்பிக்குள் இருக்கும்வரை அது ஆக்சிஜனேற்றத் தடுப்பானாக வேலை செய்யாது.

அவசரத்துக்காக 60 பாகையில் சோதித்து, அந்தச் சிதைவு வேகத்தை 30 பாகைக்குக் கணக்கிட்டு இறக்கும் முன், அந்த வெப்பத்தில் கலவை கலங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். அமைப்பு உடைந்திருந்தால் அந்த எண்கள் வேறொரு திரவத்தைப் பற்றியவை.