இரவில் கூப்பிட்டால் யார் வருவார்?

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் செய்த இளம் சர்ஜனைத் தேடி ஆறு மாதம் கழித்துப் போகிறீர்கள். "அந்த டாக்டர் இப்ப இங்க இல்லீங்களே" என்கிறார்கள். கூடுதல் சம்பளம் கிடைத்திருக்கும், போய்விட்டார் என்று நினைத்துக்கொள்கிறோம். சம்பளத்துக்காகப் போகிறவர்களும் உண்டு. ஆனால் நானும் ஒரு சர்ஜன், என்னிடம் வேலை பார்த்துவிட்டுக் கிளம்பிய பிள்ளைகளிடம் பேசும்போதெல்லாம், என் முதல் வேலையை நான் ஏன் விட்டேன் என்பதுதான் நினைவுக்கு வருகிறது.

எம்.பி.பி.எஸ். பயிற்சிக் காலத்தோடு 5½ வருடம், அறுவை சிகிச்சை மேற்படிப்பான எம்.எஸ். 3 வருடம். நடுவில் நுழைவுத் தேர்வுக்குப் படித்த காலம். அரசுக் கல்லூரி என்றால் பாண்ட் வேறு, அதாவது படித்த பிறகு அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கவேண்டும் என்ற ஒப்பந்தம். முதல் வேலையில் உட்காரும்போது வயது 30-ஐத் தொட்டிருக்கும். சிலர் அதற்கும் மேலான சிறப்புப் படிப்பு, எம்.சி.ஹெச். படிக்கக் கிளம்புவார்கள், அது இன்னும் 3 வருடம். அவர்கள் போவது நியாயம்தான். கணவன் மனைவி இருவரும் டாக்டர் என்றால், இருவருக்கும் ஒரே ஊரில் வேலை அமையாமல் மாறுகிறவர்களும் நிறைய.

மற்றவர்கள் கதைதான் எனக்கு வலிக்கிறது. தனியார் ஆஸ்பத்திரியில் சேரும்போது 'மினிமம் கேரன்டி' என்று ஒன்று பேசுவார்கள். ஆரம்பத்தில் சில மாதங்களுக்கு மாதம் இவ்வளவு நிச்சயம், அப்புறம் செய்கிற கேஸுக்குத் தகுந்த பங்கு. சரி என்று சேர்ந்தால், நாள் குறித்துச் செய்கிற ஆபரேஷன்கள் அங்கே ஏற்கெனவே இருக்கிற சீனியர் சர்ஜனுக்கு, அதாவது பெரியவருக்குப் போகும். இளையவருக்குச் சீழ்க்கட்டி, டிரெஸ்ஸிங், ராத்திரியில் வருகிற அவசர கேஸ். அதுவும் தனியாக.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஐம்பது வயது அம்மா ஒருவர், நான்கு நாளாக வலி, பித்தப்பையில் கல். சின்னத் துளை வழியே வயிற்றுக்குள் விடுகிற கேமராக் குழாய், லேப்ராஸ்கோப், உள்ளே போனதும் பார்த்தால், பித்தப்பை வீங்கி, சுற்றியிருந்த கொழுப்பெல்லாம் அதன்மேல் ஒட்டிக் கிடந்தது. பித்தப்பைக் குழாய், பொதுக் கல்லீரல் குழாய், கல்லீரல் மூன்றுக்கும் நடுவே ஒரு சின்ன முக்கோணம் இருக்கிறது. அதைச் சுத்தமாகப் பிரித்துப் பார்த்த பிறகுதான் பித்தப்பைக் குழாயை அடைக்கக் கிளிப் போடவேண்டும். அவசரப்பட்டுப் பொதுக்குழாயை வெட்டிவிட்டால், அந்த அம்மாவுக்கு வருடக்கணக்கில் பாடு. முக்கால் மணி நேரம் போராடினேன். எது குழாய், எது ரத்தநாளம் என்று தெரியவில்லை, எல்லாம் ஒரே சிவப்பு. நர்ஸ் காதருகே போனைப் பிடிக்க, பெரியவரை அழைத்தேன். "நீங்களே பாத்துக்கங்க" என்றார்.

வயிற்றைத் திறந்து செய்து முடித்தேன். அந்த அம்மா ஒரு வாரத்தில் நடந்து வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை மேனேஜர் கேட்டார்: "லேப்ராஸ்கோப்பி பேக்கேஜ்னு சொல்லித்தானே சேர்த்தோம், எதுக்கு சார் ஓப்பன் பண்ணீங்க?"

மூன்று மாதத்தில் விட்டுவிட்டேன். கேட்டவர்களிடம் சம்பளம் பத்தவில்லை என்றேன். அதைச் சொல்வது சுலபமாக இருந்தது.

எம்.எஸ். முடித்தவருக்கு ஆபரேஷன் செய்யத் தெரியும். எங்கே நிறுத்துவது, எப்போது திறப்பது என்பதெல்லாம் அடுத்த சில வருடங்களில்தான் படிகிறது. அந்த வருடங்களில் பின்னால் ஒருவர் நிற்கவேண்டும். இப்போது எங்கள் யூனிட்டில் புதிதாக வந்தவர் ராத்திரி கூப்பிட்டால் எங்களில் ஒருவர் போய்விடுகிறோம். பல நாள் நான் கையுறைகூடப் போடுவதில்லை. மானிட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். "சார், ஓப்பன் பண்ணிடட்டுமா?" என்பார். "பண்ணுப்பா" என்பேன். அதற்குள் அவர் கத்தியைக் கேட்டிருப்பார்.

வேலை தேடிக்கொண்டிருக்கும் இளம் சர்ஜன்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், உங்களுக்கு ஒரு வார்த்தை. சம்பளத்தைத் தயங்காமல் பேசுங்கள், அது உங்கள் உரிமை. கூடவே இதையும் கேளுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு நான் கூப்பிட்டால் யார் வருவார்? ஒரு பெயர் சொல்லச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த மனிதரை ஒருமுறை நேரில் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள்.

நன்றி, வணக்கம்.