இரண்டு பாய் விரித்த அறை

அனைவருக்கும் வணக்கம்.

என் முன்னால் இருக்கும் இந்த மேசையைக் கொஞ்சம் பாருங்கள். இரண்டரை அடி உயரம் இருக்கும். ஜப்பானியத் தேநீர் அறையின் வாசல் இதைவிடத் தாழ்ந்தது. உயரம் சுமார் 66 சென்டிமீட்டர், அகலம் 63. குனிந்தால்கூடப் போதாது. முழங்காலை ஊன்றி, தலையை முதலில் உள்ளே விட்டு, கைகளை அழுத்தி உடலை நகர்த்தித்தான் நுழைய வேண்டும். நிஜிரிகுச்சி என்று அதற்குப் பெயர். வெளியே இறவாரத்துக்குக் கீழே ஒரு மரத்தட்டு இருக்கும். வாளை அதில் வைத்துவிட்டு வரவேண்டும். இடுப்பில் வாளைச் செருகிக்கொண்டு அந்த வாசலில் யாரும் நுழைய முடியாது.

நுழைந்தவர்கள் யார் என்பதை நினைத்துப் பாருங்கள். 16-ஆம் நூற்றாண்டின் படைத்தலைவர்கள். நேற்று ஒரு கோட்டையை எரித்துவிட்டு வந்தவர்கள், நாளை இன்னொன்றை எரிக்கப் போகிறவர்கள். நாட்டையே கையில் வைத்திருந்தவரும் அதே வாசலில் தவழ்ந்துதான் போனார். இன்று தேநீரைப் பற்றிப் பேசவந்தவன் வாசலில் இருந்து தொடங்குவதற்குக் காரணம் இதுதான். இந்தக் கலையை நாம் அமைதியான காலத்து அமைதியான மனிதர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணிக்கொள்கிறோம். அது உருப்பெற்றது போர்க்களங்களுக்கு நடுவே.

அப்புறம் அந்தப் பெயர். 'தேநீர் விழா' என்றும் 'தேநீர்ச் சடங்கு' என்றும் தமிழில் எழுதுகிறோம். விழா என்றதும் பந்தலும் கூட்டமும் நினைவுக்கு வருகின்றன. ஜப்பானியர் சொல்வது சா-நோ-யு. 'தேநீருக்கான வெந்நீர்' என்று பொருள். அவ்வளவுதான். இதையே ஒரு வாழ்க்கை நெறியாகக் கொள்ளும்போது சாதோ, அதாவது தேநீர் நெறி, என்பார்கள். எனக்கு வெந்நீர் என்ற பெயர்தான் பிடிக்கும். அதற்கான காரணம் போகப்போகத் தெரியும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐசாய் என்ற ஜென் துறவி 1191-இல் சீனாவிலிருந்து திரும்பியபோது தேயிலை விதைகளையும், தேயிலைப் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடிக்கும் பழக்கத்தையும் கொண்டுவந்தார். தியானத்தில் தூக்கம் வராமல் இருக்கத் துறவிகள் குடித்தார்கள். பிறகு பிரபுக்கள் கைக்குப் போனதும் அது பகட்டாகிவிட்டது. விலையுயர்ந்த சீனப் பாத்திரங்களை அடுக்கி வைத்துக் காட்டுவது, எந்த ஊர்த் தேயிலை என்று குடித்துப் பார்த்துக் கண்டுபிடித்துப் பந்தயம் வைப்பது என்று போனது. இதைத் திருப்பியவர் முராத்தா ஜுகோ. 1502-இல் இறந்தார். பெரிய கூடத்தைச் சிறிய அறையாக்கினார். சீனப் பீங்கானுக்குப் பக்கத்தில் உள்ளூர்க் குயவர் செய்த கரடுமுரடான மண்பாண்டத்துக்கும் இடம் கொடுத்தார். அவர் வழியில் தாக்கேனோ ஜோஓ. அவரிடம் கற்றவர் சென் நோ ரிக்கியு.

ரிக்கியு 1522-இல் சக்காய் என்னும் துறைமுக ஊரில் வணிகர் குடும்பத்தில் பிறந்தவர். அவர் முதலில் தேநீர் ஆசானாக இருந்தது, அக்காலத்தின் வலிமைமிக்க படைத்தலைவரான ஓதா நொபுனாகாவிடம். நொபுனாகா தம் தளபதிகளுக்கு நிலத்தோடு புகழ்பெற்ற தேநீர்ப் பாத்திரங்களையும் பரிசாகக் கொடுத்தவர். ஒரு தேயிலைச் சிமிழுக்காக ஏங்கிய தளபதிகள் உண்டு. ஆக, தேநீர் என்பது அப்போது அரசியல், அந்தஸ்து, பணம் எல்லாம்தான்.

அதற்கு நடுவில் ரிக்கியு என்ன செய்தார்? அறையைச் சிறிதாக்கிக்கொண்டே போனார். கியோத்தோவுக்குத் தெற்கே யமாசாக்கியில் மியோகியான் என்ற கோயிலில் தைஆன் என்ற அறை இன்றும் இருக்கிறது. ரிக்கியு அமைத்ததாகச் சொல்லப்படும் தேநீர் அறைகளில் எஞ்சியிருப்பது அது ஒன்றுதான். இரண்டே இரண்டு தாதாமிப் பாய்கள். நம் வீட்டில் ஒரு பெரிய கட்டில் போட்டால் நிறைந்துவிடும் இடம். வைக்கோல் கலந்த மண்சுவர். மூலைத்தூணைக்கூட மண்ணால் பூசி மறைத்திருக்கிறார், அறையின் எல்லை கண்ணுக்குப் பிடிபடாமல் இருக்க. அந்த அறையில் இருவர் உட்கார்ந்தால் ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்கும்.

கிண்ணத்தையும் மாற்றினார். சோஜிரோ என்ற கைவினைஞரைக் கொண்டு கறுப்புக் கிண்ணங்கள் செய்வித்தார். சக்கரத்தில் வைத்து வனையாமல், உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி உருவாக்கியவை. ராக்கு கிண்ணம் என்கிறார்கள். சித்திரம் கிடையாது, பளபளப்பு கிடையாது. ஆனால் இரண்டு கையிலும் ஏந்தினால், கை எங்கே முடிகிறது கிண்ணம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி அடங்கி உட்காரும்.

சரி, அந்த அறைக்குள் என்னதான் நடக்கிறது? கியோத்தோவில் ஒரு நவம்பர் மாதத்தில், விருந்தினர் நால்வரில் ஒருவனாக உட்கார எனக்கு வாய்த்தது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

வெளிக்கதவைத் தாண்டியதும் ஒரு சிறு தோட்டப் பாதை. ரோஜி என்பார்கள். அன்று மழை இல்லை. கற்கள் மட்டும் நனைந்திருந்தன. விருந்தாளி வரும் நேரம் பார்த்துத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். நாம் காலையில் வாசல் தெளிப்பதுபோல. தெளித்திருந்தால் 'எல்லாம் தயார், வாருங்கள்' என்று பொருள். ஓர் இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கத்தில், கறுப்புக் கயிறு கட்டிய ஒரு சின்னக் கல்லை வைத்திருந்தார்கள். உருண்டைக் கல், பொட்டலம் கட்டியதுபோல் முடிச்சு. 'இந்தப் பக்கம் வேண்டாம்' என்று அது சொல்கிறது. பலகை இல்லை, சங்கிலி இல்லை. கல் தொட்டியில் கையும் வாயும் கழுவிவிட்டு உள்ளே போனோம்.

சுவரோடு ஒட்டிய மாடத்தில் ஓர் எழுத்துச் சுருள், அதற்குக் கீழே மூங்கில் குழலில் ஒரே ஒரு வெள்ளைக் கமீலியா மொட்டு. கமீலியா தேயிலைச் செடிக்கு நெருங்கிய உறவு என்பது பிறகுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. நவம்பரில்தான் தரையில் பதித்த கணப்பைத் திறக்கிறார்கள். ஏப்ரல் வரை அது. மே முதல் அக்டோபர் வரை விருந்தினரிடமிருந்து சற்றுத் தள்ளி வைத்த தனி அடுப்பு. குளிருக்கு நெருப்பு நம் பக்கம் வருகிறது, வெயிலுக்கு விலகிப் போகிறது. கணப்பில் வார்ப்பிரும்புப் பானை. தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் ஒரு மெல்லிய இரைச்சல் வந்தது. பைன் மரங்களில் காற்று என்று அதைச் சொல்கிறார்கள். அந்த அறையில் வேறு இசை கிடையாது.

விருந்தளித்தவர் வயதான அம்மா ஒருவர். பட்டுத் துணியை மடித்தார். தேயிலைச் சிமிழைத் துடைத்தார், பிறகு மூங்கில் கரண்டியைத் துடைத்தார். இரண்டும் ஏற்கெனவே சுத்தமானவைதான். உள்ளறையில் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துத்தான் எடுத்து வருகிறார்கள். இருந்தும் எங்கள் கண் முன்னால் மறுபடியும் துடைக்கிறார். 'இது உங்களுக்காக' என்று வாய்விட்டுச் சொல்லாமல் கையால் சொல்வதாக எனக்குப் பட்டது. மூங்கில் அகப்பையால் வெந்நீரை மொண்டு கிண்ணத்தில் விட்டு, மத்தை அதில் நனைத்துத் தூக்கிக் கண்ணெதிரே சுழற்றினார். பல் ஏதும் ஒடிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு. சாசென் என்னும் அந்த மத்து ஒரே மூங்கில் துண்டைக் கீறிச் செய்தது. எண்பது, நூறு என்று மயிரிழைப் பற்கள். நாரா பகுதியில் தக்கயாமா என்னும் ஊர் இதற்குப் பேர்போனது.

பச்சைப் பொடி இரண்டு சிட்டிகை அளவு, மேலே வெந்நீர், மத்தால் ஒரு கலக்கல். மாச்சா என்னும் அந்தப் பொடிக்கான தேயிலைச் செடியைப் பறிப்புக்கு மூன்று வாரம் முன்பே பந்தல் போட்டு வெயில்படாமல் மூடுகிறார்கள். இலையை ஆவியில் காட்டி உலர்த்தி, நரம்பு நீக்கிக் கல் இயந்திரத்தில் அரைக்கிறார்கள். ஒரு மணி நேரம் அரைத்தால் 40 கிராம் அளவுதான் கிடைக்கும். இன்று மாச்சா ஐஸ்கிரீம் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. குழந்தைகள் விரும்பிச் சாப்பிடட்டும். ஆனால் அந்தப் பொடிக்குப் பின்னால் எத்தனை பொறுமை இருக்கிறது என்பதையும் யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு இனிப்பு. சிவப்புப் பயற்றுப் பூரணம் வைத்தது. அதன் இனிப்பு நாக்கில் இருக்கும்போதே கிண்ணம் வருகிறது. அடுத்திருப்பவரிடம் 'உங்களுக்கு முன்னால் நான் குடிக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். கிண்ணத்தின் அழகான முகப்பை நம் பக்கம் திருப்பி விருந்தளிப்பவர் தருகிறார். அந்த முகப்பில் வாய் வைப்பது மரியாதை இல்லை என்று நாம் சற்றே சுழற்றி, வேறு பக்கத்தில் குடிக்கிறோம். அவர் சிறந்ததைத் தருகிறார்; நாம் அதை விட்டு விலகிக்கொள்கிறோம். கடைசி வாயை மட்டும் ஓசை வர உறிஞ்ச வேண்டும். முடித்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிய.

இன்னொன்றையும் அன்று கவனித்தேன். வெந்நீரை ஊற்றும் சத்தம் வேறு, தண்ணீரை ஊற்றும் சத்தம் வேறு. வெந்நீர் மெத்தென்று விழுகிறது. தண்ணீர் கணீரென்று விழுகிறது. இத்தனை வருடமாக நம் வீட்டில் இரண்டையும் ஊற்றியிருக்கிறோம். எனக்கு அது அன்றுதான் காதில் விழுந்தது.

இது எளிய வடிவம். முழு விருந்து என்றால் கரி இடுவது, உணவு, இடைவேளை, ஒரே கிண்ணத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் கெட்டித் தேநீர், பிறகு நீர்த்த தேநீர் என்று நான்கு மணி நேரம் ஆகும். அதற்குப் பின்னால் விருந்தினர் பார்க்காத உழைப்பு இருக்கிறது. கரியைக்கூடக் கழுவி உலர்த்துகிறார்கள். தீயில் வெடித்துப் பொறி பறந்து யாரையும் திடுக்கிட வைக்கக் கூடாது என்று. கரியைக் கழுவுவது என்று கேட்டபோது நான் வாயடைத்துப் போனேன்.

ரிக்கியுவிடம் ஒருவர் தேநீரின் இரகசியம் என்ன என்று கேட்டதாக ஒரு கதை வழங்குகிறது. குடிக்க நன்றாக இருக்கும்படி தேநீர் கலக்கு. தண்ணீர் கொதிக்கும்படி கரியை வை. வயலில் இருப்பதுபோல் பூவை வை. கோடையில் குளிர்ச்சியும் குளிரில் கதகதப்பும் தா. நேரத்துக்கு முன்னதாகவே இரு. மழை இல்லாவிட்டாலும் மழைக்குத் தயாராக இரு. உடனிருப்பவர் மனத்தைக் கவனி. கேட்டவருக்கு ஏமாற்றம். 'இதெல்லாம் எனக்கே தெரியுமே' என்றார். 'இதை நீங்கள் பிசகாமல் செய்துகாட்டினால் நான் உங்களுக்கு மாணவனாகிறேன்' என்றாராம் ரிக்கியு. இதில் தத்துவம் என்று ஒரு சொல்கூட இல்லை பாருங்கள். கரி, தண்ணீர், பூ, குடை. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இப்போது என்ன வேண்டும் என்ற ஒரே கேள்வி.

நொபுனாகாவுக்குப் பிறகு ஆட்சிக்கு வந்தவர் தொயோதோமி ஹிதேயோஷி. ரிக்கியுவை அருகிலேயே வைத்துக்கொண்டார். ஆனால் அவருக்குத் தங்கமும் வேண்டும். சுவர் முழுக்கத் தங்கத் தகடு பொதிந்து, கழற்றி மாட்டக்கூடிய ஒரு தேநீர் அறை செய்து 1586-இல் பேரரசர் அரண்மனைக்கே கொண்டுபோனார். அடுத்த வருடம் கித்தானோவில் மாபெரும் தேநீர்க் கூட்டம். குடியானவரோ வேலைக்காரரோ, பானையும் கிண்ணமும் இருந்தால் யாரும் வரலாம், தேயிலை இல்லையென்றால் வறுத்த மாவைக் கரைத்துக் குடித்தாலும் சரி என்று அறிவித்தார். அந்த அறிவிப்பு எனக்கு நிஜமாகவே பிடிக்கும். பத்து நாள் என்று சொல்லிவிட்டு ஒரே நாளில் முடித்துக்கொண்டார்.

இருவருக்கும் நடுவே இருந்த தூரத்தைக் காட்ட ஒரு கதை சொல்வார்கள். ரிக்கியுவின் தோட்டத்தில் காலைமலர்க் கொடி பூத்துக் குலுங்குகிறது என்று கேள்விப்பட்டு ஹிதேயோஷி ஒரு விடியற்காலையில் வந்தார். தோட்டத்தில் ஒரு பூ இல்லை. அத்தனையும் வெட்டப்பட்டிருந்தன. கோபத்தோடு அறைக்குள் தவழ்ந்து போனால், மாடத்தில் ஒரே ஒரு மலர். கதைதான், ஆனால் அதில் ரிக்கியுவின் பிடிவாதமும் தெரிகிறது. அவரைச் சாந்த சொரூபி என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது.

1591-இல் ஹிதேயோஷி அவரை வயிற்றைக் கிழித்து உயிர்விடும்படி ஆணையிட்டார். தைத்தோகுஜி கோயில் வாயிலின் மேல்தளத்தில் ரிக்கியுவின் சிலை வைக்கப்பட்டதும், அதற்குக் கீழே ஹிதேயோஷி நடந்துபோக வேண்டியிருந்ததும் குற்றமாகச் சொல்லப்பட்டன. உண்மைக் காரணம் பற்றி அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். சாவதற்கு முன் ரிக்கியு ஒரு மூங்கில் கரண்டியைத் தம் கையால் சீவி, மாணவர் ஃபுருதா ஓரிபேயிடம் சேர்ப்பித்தார். அதற்கு 'கண்ணீர்' என்று பெயர். ஓரிபே அதற்கு ஒரு கறுப்பு உறை செய்தார். உறையின் பக்கவாட்டில் ஒரு சின்ன சன்னல் வெட்டினார். அதன் வழியே கரண்டியைப் பார்த்து ஆசானை வணங்கினார் என்கிறார்கள். இன்று நகோயாவில் தொக்குகாவா அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. விரல் அகலம்கூட இல்லாத மூங்கில்.

ரிக்கியுவின் பேரர் சோத்தானின் பிள்ளைகள் வழியே மூன்று குடும்பங்கள் இன்றுவரை இதைக் கற்பிக்கின்றன. அவற்றில் ஊராசென்கே குடும்பத்தின் 15-ஆம் தலைவர் சென் கென்ஷித்சு இரண்டாம் உலகப் போரில் கடற்படையின் தற்கொலைத் தாக்குதல் பிரிவில் பயிற்சி பெற்றவர். திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்த தோழர்களுக்குக் கையில் இருந்த சிறு சாமான்களோடு தேநீர் கலந்து கொடுத்திருக்கிறார். உயிர் பிழைத்தார். பிறகு வாழ்நாளெல்லாம் நாடு நாடாகப் போய் ஒரு கிண்ணத் தேநீரால் சமாதானம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 2025-இல் 102-ஆம் வயதில் மறைந்தார்.

கடைசியாக இன்னொருவர். இயி நாஓசுகே. பதினான்காவது மகன், பட்டம் வர வாய்ப்பே இல்லை என்று ஒரு சிறு வீட்டில் இளமையைக் கழித்தார். அங்கே தேநீர் பயின்றார். அண்ணன்மார் போனபின் பிரபுவானார், 1858-இல் ஷோகுன் அரசின், அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவர் அரசின், தலைமை அமைச்சரானார், அமெரிக்காவோடு வணிக ஒப்பந்தம் செய்தார், எதிர்த்தவர்களைக் கடுமையாக ஒடுக்கினார். 1860 மார்ச்சில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் எடோ நகரத்துக் (இன்றைய தோக்கியோ) கோட்டையின் சக்குராதா வாயிலுக்கு வெளியே வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் எழுதிய தேநீர் நூலில்தான் 'இச்சிகோ இச்சியே' என்ற சொல் நிலைபெற்றது. ஒரு வாழ்நாள், ஒரு சந்திப்பு. அதே ஆட்கள் அதே அறையில் மறுபடி கூடினாலும் இன்றைய சந்திப்பு திரும்ப வராது.

அந்த நூலில் விருந்து முடிந்தபின் செய்ய வேண்டியதையும் சொல்கிறார். விருந்தினர் கிளம்பியதும் கதவுகளைப் படபடவென்று சாத்தக் கூடாது. அவர்கள் கண்ணுக்கு மறையும் வரை பார்த்திருக்க வேண்டும். பாத்திரங்களை ஒழிக்க அவசரப்படாமல், சத்தமின்றி அறைக்குத் திரும்பித் தனியாகக் கணப்பின் முன் உட்கார வேண்டும். இப்போது அவர்கள் எவ்வளவு தூரம் போயிருப்பார்கள் என்று நினைக்க வேண்டும். வேண்டுமானால் தனக்கென ஒரு கிண்ணம் கலந்துகொள்ளலாம். அந்த நேரத்தில் பேச்சுத்துணைக்கு இருப்பது வெந்நீர்ப் பானை ஒன்றுதான்.

அந்த நவம்பர் மாலையில் பாதையின் திருப்பத்தில் நான் திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா தாழ்ந்த வாசலுக்கு உள்ளே மண்டியிட்டபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோருமாகத் தலை வணங்கினோம். நாங்கள் தெருமுனையில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்த நேரத்தில், அவர் திரும்பிப் போய்க் கணப்பின் முன் உட்கார்ந்திருப்பார்.