கிணறு யார் பங்கில் விழுகிறது?

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

எங்கள் அப்பா விட்டுப்போனது நாலே முக்கால் ஏக்கர் தோட்டம், ஒரு கிணறு, ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்று. பிள்ளைகள் நாங்கள் மூவர்: அக்கா, அண்ணன், நான். நிலத்தை அளந்து கல் நட ஒரே நாள்தான் ஆனது. கிணற்று வழக்கு தீர ஒன்பது வருஷம் ஆனது.

கிணறு அண்ணன் பங்குக்குள் விழுந்தது. இலவச மின் இணைப்பு அப்பா பெயரிலேயே கிடந்தது. பெயர் மாற்ற என் சம்மதம் கேட்டார்கள். நான் கையெழுத்துப் போட மறுத்தேன். மோட்டாரில் காயில் எரிந்தால் யார் காசு? தூர் வாருகிற செலவு யாருடையது? பத்திரத்தில் ஒரு வரி இல்லை. ஒரு சித்திரையில் ஊற்று இறங்கியது. என் வாழையும் காய்ந்தது, அண்ணன் கரும்பும் காய்ந்தது. பத்தடி ஆழப்படுத்தியிருந்தால் இரண்டும் பிழைத்திருக்கும். இருவரும் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர் என்று 2015-16 வேளாண் கணக்கெடுப்பு சொல்கிறது. இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இதை இன்னும் இரண்டாக வகுத்தால் ஆளுக்குத் தொண்ணூறு சென்ட். அந்தத் தொண்ணூறு சென்ட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், உழவு வண்டி எந்த வழியாகப் போகும் என்பதை எழுதாத பாகப்பிரிவினைப் பத்திரம் வெறும் முத்திரைத்தாள்தான்.

ஆகவே அப்பாமார்களைக் கேட்டுக்கொள்கிறேன்: நீங்கள் இருக்கும்போதே எழுதுங்கள். நான்குமாலோடு, அதாவது நாலு பக்க எல்லையோடு, நிறுத்தாதீர்கள். கிணற்றில் யாருக்கு எத்தனை பாகம், தண்ணீர் முறை எந்தக் கிழமை யாருக்கு, முறை எத்தனை மணிக்கு மாறும், வாய்க்கால் எந்த வரப்போரம், வண்டிப்பாதை எத்தனை அடி அகலம், பழுதுச் செலவு எப்படிப் பங்கு, இவ்வளவும் வரட்டும். பதிந்த கையோடு உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்குங்கள். கூட்டுப் பட்டாவை வைத்துக்கொண்டு பயிர்க்கடனுக்கு அலைகிற பங்காளிகள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள்.

அக்கா விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். "சீர் செய்தாயிற்றே" என்று சொல்லி தன் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கினோம். அது அநியாயம். உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் அவர் சம்பாதித்த நிலத்தில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு என்று 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. பூர்வீகச் சொத்தில், அப்போது கல்யாணமாகாமல் இருந்த மகளுக்குப் பிறப்புரிமையை நம் மாநிலம் 1989இலேயே கொடுத்தது. 2005இல் நாடு முழுவதற்கும் வந்தது. பிறப்பாலேயே வந்த உரிமை அது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதிசெய்தது. மகளுக்குக் கொடுத்தால் நிலம் வெளியே போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். உயில் இல்லாமல் வந்த சொத்தில் ஒரு வாரிசு தன் பங்கை விற்க நினைத்தால், கூடப் பிறந்த வாரிசுகளுக்குத்தான் அதை வாங்கும் முதல் உரிமை. அதே சட்டத்தின் 22ஆம் பிரிவு அது. விவசாய நிலத்துக்கும் பொருந்தும் என்று 2019இல் தீர்ப்பு வந்திருக்கிறது.

உயிலா, தானசெட்டில்மெண்டா என்று கேட்பீர்கள். உயிலை உயிருள்ளவரை மாற்றலாம். இரண்டு சாட்சி போதும். செட்டில்மெண்ட் எழுதினால் நிலம் அன்றே கைமாறிவிடும். எழுதுவதாக இருந்தால், கடைசிவரை எங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை அதிலேயே சேருங்கள். அந்த வரி இருந்தால், பிள்ளைகள் கைவிடும்போது 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின்படி பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்கலாம்.

போன தை மாதம் என் பிள்ளைகள் மூவரையும் திண்ணையில் உட்கார வைத்துப் பேசினேன். தோட்டம் செய்யப்போவது என் சின்ன மகள். ஓசூரில் வேலை பார்க்கும் பெரியவனுக்கும் பங்கு உண்டு. அதை அவள் வருஷக் குத்தகைக்கு ஓட்டுவாள். கிணறு மூவருக்கும் பொது, மின் இணைப்பு அவள் பெயருக்கு. இவ்வளவும் முடிவாகிவிட்டது. வண்டிப்பாதை கிழக்கு வரப்பிலா, தென்னை வரிசையோரமா என்பதுதான் பாக்கி. அடுத்த அமாவாசைக்கு மறுபடியும் வருகிறார்கள். நில அளவையரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.